அணுவும் அடுப்பும்: நிலத்தடியில் நிகழ்ந்த "அமைதி வெடிகள்"

(கொள்ளுப்பிட்டியில் தமிழ் உத்தியோகத்தரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இன்றைய பொருளை அழைப்பிதழிற் கண்டவர்களுள் சிலர் எம்மிடம் வந்து, "அணுகுண்டுக்கும் அடுப்பு வாயுவுக்கும் என்ன தொடர்பு?" என்று வினவினர். வினா நியாயமானதே. 2022 ஆம் ஆண்டில் இக்கொழும்பு மாநகரின் வீதியோரங்களில் வெற்றுச் சிலிண்டரை நிறுத்திவிட்டு நாட்கணக்கிற் காவல் கிடந்த மக்கள், வாயு என்பது கப்பலில் வந்து கடையிற் கிடைப்பது என்றே எண்ணியிருந்தனர். எங்கோ ஒரு நாட்டில் அதை நிலத்தின் வயிற்றிலிருந்து எடுக்க அணுகுண்டையே வெடித்துப் பார்த்தார்கள் என்று அவர்களிடம் சொல்லியிருந்தால், பசியில் பிதற்றுகிறான் என்று எம்மை ஒதுக்கியிருப்பார்கள். ஆயினும் அது நடந்தது. ஒரு முறை அன்று, பல முறை நடந்தது. நடத்தியவர்கள் பித்தர்கள் அல்லர். தத்தம் நாட்டின் முதன்மையான விஞ்ஞானிகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது அமுக்கித் திரவமாக்கிய புரொப்பேனும் பியூட்டேனும். இயற்கை வாயு என்பது பெரும்பாலும் மீதேன். நிலத்துக்கும் கடலுக்கும் அடியிலுள்ள பாறைகளின் நுண்துளைகளுள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டுக் கிடப்பது. நிலத்தடியில் வாயு ஒரு பெருங்குகையில் ஏரிபோலத் தேங்கி நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஈரத்தைப் பிடித்துக்கொண்ட கல்லைப்போலப் பாறையே வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தால் துளையிட்ட கிணற்றுக்குள் வாயு தானே வந்து சேரும். தொடர்பற்ற இறுகிய மணற்கல்லாயின், வாயு ஏராளமாக இருந்தும் வெளியே வராது.

இதை யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் வெட்டிய கிணற்றில் ஊற்றுக்கண் வாய்த்துவிடும். அடுத்த வளவில் அதே ஆழத்துக்கு வெட்டியவருக்குக் கல்லே எதிர்ப்படும், நீர் கசியும், இறைப்புக்குப் போதாது. அப்பொழுது அவர் என்ன செய்வார்? கல்லிலே துளை போட்டு, மருந்து வைத்து, வெடி தீர்ப்பார். வெடிப்புக்கள் ஓடி ஒரு நீரோட்டத்தைத் தொட்டால் கிணறு நிறையும். எண்ணெய்க் கிணறு தோண்டியவர்களும் இதையே செய்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1860களிலேயே கிணற்றுக்குள் வெடிமருந்தை இறக்கி வெடித்துப் பாறையைப் பிளந்தனர். நூறு ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் எழுப்பிய வினா இதுவே: சிறு வெடியால் சிறு வெடிப்பு உண்டாகுமாயின், அணு வெடியால் எத்துணைப் பெரிய வெடிப்பு உண்டாகும்?

வினாவைக் கேட்டவர்களின் காலத்தையும் நோக்க வேண்டும். 1953 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் அணுவை அமைதிக்குப் பயன்படுத்துதல் பற்றிப் பேசினார். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அழிக்கும் பொருளே ஆக்கும் பொருளாகவும் ஆகும் என்று நம்ப உலகம் விரும்பியது. குண்டைச் செய்தவர்களோ அதைவிட மிகுதியாக விரும்பினர். 1957 இல் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் "கலப்பைக் கொழு". வாள்களைக் கொழுக்களாக அடிப்பார்கள் என்னும் விவிலிய வாசகத்திலிருந்து எடுத்த பெயர் அது. ஐதரசன் குண்டின் தந்தை என்று பேர்பெற்ற எட்வேட் டெல்லர் இத்திட்டத்தின் பெரும் பிரசாரகராக விளங்கினார். கலப்பையின் பெயரைத் தாங்கிய அத்திட்டத்தை ஆராய்ந்து பார்க்கக் கலப்பை பிடித்தவர்களுக்கே முதல் உரிமை உண்டு என்று நாம் கருதுகிறோம்.

தொடக்கத்தில் அவர்கள் வாயுவைத் தேடவில்லை. துறைமுகமும் கால்வாயும் தோண்டவே எண்ணினர். அலாஸ்காவின் வடமேற்குக் கரையில் பல அணு வெடிகளால் ஒரு துறைமுகம் அகழ 1958 இல் திட்டமிட்டனர். அருகே பொயின்ற் ஹோப் என்னும் ஊரிலே திமிங்கிலமும் கலைமானும் வேட்டையாடி வாழ்ந்த இனுப்பியற் மக்கள் அதை எதிர்த்து, 1961 இல் ஜனாதிபதி கென்னடிக்கே கடிதம் எழுதினர். அடுத்த ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே 1962 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் நெவாடாப் பாலைவனத்தில் 104 கிலோ தொன் வலுவுள்ள வெடியொன்றை நிலத்துள் வெடித்தனர். ஏறக்குறைய 320 அடி ஆழமும் 1,280 அடி அகலமுமான பெருங்குழி உண்டாயிற்று. குழி தோண்டியதில் ஐயமில்லை. ஆனால் மேலெழுந்த கதிரியக்கத் தூசி காற்றோடு பல மாநிலங்களைக் கடந்து சென்றது. வெளியே எறியும் வெடியால் இவ்விடர் என்றால், வெளியே வராத வெடியை ஆழத்தில் வைக்கலாமே என்று சிந்தை திரும்பியது. அவ்வாறு திரும்பிய இடமே இயற்கை வாயு.

ஆழத்தில் அணு வெடித்தால் நிகழ்வது யாது? இமைக்கும் பொழுதினும் குறைந்த நேரத்துள் சுற்றிலுமுள்ள கல் ஆவியாகிறது. அதற்கு அப்பாலுள்ள கல் உருகுகிறது. அதற்கும் அப்பாலுள்ளது நொறுங்குகிறது. ஒரு பந்துபோன்ற குழிவு பிறக்கிறது. உருகிய கல் அதன் அடியிலே தேங்கிக் கண்ணாடியாக உறைகிறது. வெப்பமும் அமுக்கமும் தணிய, கூரைக்கல் தாங்காமல் இடிந்து விழுகிறது. அதன் மேலுள்ளதும் விழுகிறது. இவ்வாறு நொறுங்கிய கல் நிரம்பிய ஒரு நெடுந்தூண், புகைபோக்கி போல மேல்நோக்கி வளர்கிறது. அதைச் சுற்றிப் பாறையில் வெடிப்புக்கள் பரவுகின்றன. இறுகிய கல்லிலிருந்த வாயு அவ்வெடிப்புக்கள் வழியே ஊர்ந்து இத்தூணில் வந்து சேரும். மேலிருந்து துளையிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். ஏட்டிலே பார்க்கும்பொழுது குறை சொல்ல இயலாத அழகிய திட்டம் இது.

முதற் சோதனை 1967 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கே நடைபெற்றது. பெயர் காஸ்பகி. அரசாங்கத்தோடு எல் பாசோ என்னும் வாயுக் கம்பனியும் கைகோத்தது. 29 கிலோ தொன் வலுவுள்ள கருவியை, அதாவது ஹிரோஷிமாவில் வீழ்ந்த குண்டின் ஏறக்குறைய இரு மடங்கை, 4,240 அடி ஆழத்திற் புதைத்து வெடித்தனர். ஏறக்குறைய 160 அடி அகலமும் 330 அடி உயரமுமான தூண் உருவாயிற்று. வாயு வந்தது. அயலிலிருந்த பழைய கிணறுகளைக் காட்டிலும் மிகுதியாகவே வந்தது. ஆனால் அதனோடு வேறொன்றும் வந்தது.

இவ்விடத்தில் சிறிது நின்று நோக்குவோம். முழுக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. வெடியிற் பிறந்த கதிரியக்கப் பொருள்களிற் பெரும்பங்கு, உருகி உறைந்த அக்கண்ணாடிக் கல்லுக்குள் சிறைப்பட்டு விடுகிறது. இதை விஞ்ஞானிகள் முன்னரே கணித்திருந்தனர்; கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டு பொருள்கள் சிறைப்படுவதில்லை. ஒன்று கிரிப்தன் 85; அது எதனோடும் எளிதிற் சேராத வாயு. மற்றது திரித்தியம், அது ஐதரசனின் கதிரியக்கமுள்ள உடன்பிறப்பு. ஐதரசன் எங்கெல்லாம் புகுமோ அங்கெல்லாம் திரித்தியமும் புகும். மீதேனில் ஐதரசன் உண்டு. ஆகவே திரித்தியம் மீதேனுக்குள்ளேயே குடியேறியது. நீரிலும் ஐதரசன் உண்டு. ஆகவே நீருக்குள்ளும் குடியேறியது. பாலில் நீர் கலந்தாற் காய்ச்சிப் பார்க்கலாம். மீதேனுக்குள் புகுந்த திரித்தியத்தை அடுப்படியில் எந்தத் தாயாலும் பிரித்தறிய இயலாது. எரித்தால் அது நீராவியாகி அடுக்களையிலேயே நிற்கும். அளவு சிறிது என்று அதிகாரிகள் கூறினர். மற்றைக் கிணறுகளின் வாயுவோடு கலந்தால் இன்னும் சிறிதாகும் என்றனர். கணக்கில் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கதிரியக்கம் கலந்த வாயுவைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் எரிக்க எந்த ஊரும் முன்வரவில்லை.

இரண்டாவது சோதனை கொலறாடோ மாநிலத்தில், றூலிசன் என்னும் இடத்தில், 1969 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள் நடந்தது. 8,400 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஏறக்குறைய 40 கிலோ தொன் வெடி. எதிர்த்தவர்கள் சிலர் விலக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே போய் நின்றனர். அவர்கள் நிற்கவே வெடி தீர்ந்தது. பின்னர் வாயுவைச் சோதனைக்காகத் திறந்து எரிக்க முற்பட்டபொழுது மக்கள் நீதிமன்றம் சென்றனர், தடை கிடைக்கவில்லை. 1970 இலும் 1971 இலும் 45 கோடி கன அடிக்கும் மேற்பட்ட வாயு வெளிவந்து வானத்தை நோக்கி எரிந்து போயிற்று. ஒரு வீட்டு அடுப்பும் அதனால் எரியவில்லை. மூன்றாவது சோதனை, அதே மாநிலத்தின் றியோ பிளாங்கோவில், 1973 ஆம் ஆண்டு மே 17 ஆம் நாள். ஒரே கிணற்றில் 5,800 அடிக்கும் 6,700 அடிக்கும் இடையில் மூன்று கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் 33 கிலோ தொன்னாக, ஒரே நேரத்தில் வெடித்தனர். மூன்று தூண்களும் இணைந்து ஒரே நெடுந்தூணாகும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தபடி அவை இணையவில்லை.

அத்தோடு அமெரிக்காவில் வாயுவுக்கான அணு வெடி ஓய்ந்தது. ஓய்ந்ததற்குக் காரணம் கதிரியக்க அச்சம் மட்டும் அன்று. கணக்குப் புத்தகமும் ஒரு காரணம். 25 ஆண்டுகள் வாயு எடுத்தாலும் இட்ட முதலில் 15 முதல் 40 வீதம் வரையே திரும்பும் என்று மதிப்பிடப்பட்டது. அதுவும் ஓரிரு வெடியால் அன்று. வயல் முழுவதையும் பயன்படுத்த நூற்றுக்கணக்கான வெடிகள் வேண்டியிருந்தன. நூறு ரூபா விதைத்து நாற்பது ரூபா அறுவடை செய்யும் தோட்டத்தை எந்தக் கமக்காரரும் இரண்டாம் போகம் விதைக்க மாட்டார்.

ஆனால் எமக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி, நடந்த வெடிகளுள் ஒன்று அன்று, நடவாத வெடி. வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் என்றொரு சிறிய ஊர். சுற்றிலும் புல்வெளி, மாடு வளர்ப்போரே குடிகள். அங்கே 100 கிலோ தொன் வலுவுள்ள ஐந்து கருவிகளை ஒரே கிணற்றில், ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க அதே எல் பாசோக் கம்பனி திட்டமிட்டது. "வண்டிச் சக்கரம்" என்று அதற்குப் பெயர். ஊரவர் ஒரு குழு அமைத்தனர். அறிக்கைகளை வரவழைத்து வாசித்தனர். விஞ்ஞானிகளைக் கூட்டத்துக்கு அழைத்து, நிலம் அதிர்ந்தால் நீர்ப்பாசன அணைகளுக்கு என்ன ஆகும், கிணற்று நீருக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டனர். 1972 இல் தங்கள் கவுண்டியிலே சட்ட வலுவற்ற ஒரு வாக்கெடுப்பையும் நடத்தினர். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். அந்த வாக்கெடுப்பு எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை. ஆயினும் திட்டம் முன்னேறவில்லை. கொலறாடோ மக்கள் ஒருபடி மேலே சென்றனர். 1974 இல் மாநில அரசியலமைப்பையே திருத்தி, வாக்காளரின் சம்மதமின்றி எந்த அணு வெடியும் தம் மாநிலத்தில் நடத்தலாகாது என்று எழுதி வைத்தனர். குண்டு வெடிக்கலாமா கூடாதா என்பதை வாக்குச்சீட்டால் தீர்மானிக்கும் உரிமையைச் சட்டப் புத்தகத்திற் பொறித்த குடிகள் அவர்கள். இதை எண்ணும்தோறும் எமக்குச் சிறிது பொறாமை உண்டாவதை மறைக்க விரும்பவில்லை.

பைன்டேல் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. அதைச் சொல்லாது விட்டால் நாம் நேர்மையானவர் ஆகோம். அவ்வயலின் வாயு நிலத்துக்குள்ளேயே கிடந்துவிடவில்லை. நீரையும் மணலையும் மிகுந்த அமுக்கத்துடன் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை வளர்ச்சியுற்றதும், 1990களிலிருந்து அதே பிரதேசத்தில் பெருந்தொகையான வாயு எடுக்கப்பட்டது. அணு செய்ய முயன்றதை நீர் செய்தது. அதனால் அங்கே காற்று மாசடைந்தது, நிலத்தடி நீர் பற்றிய வழக்காடலும் எழுந்தது என்பது வேறு கதை. பொறுத்திருந்தால் வேறு வழி பிறக்கும் என்பதையாவது மாடு வளர்ப்போர் காட்டினர்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். சோவியத் ஒன்றியம் இத்துறையில் அமெரிக்காவை விஞ்சியது. அமெரிக்கா நடத்திய அமைதி வெடிச் சோதனைகள் 27; சோவியத் ஒன்றியமோ 1965 முதல் 1988 வரை 120 க்கும் மேற்பட்டவற்றை நடத்தியது. அவற்றுள் ஒன்றை வெற்றி என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். உஸ்பெகிஸ்தானில் ஊர்த்தா புலாக் என்னும் வாயு வயலில் 1963 டிசம்பரில் ஒரு கிணறு கட்டுமீறித் தீப்பற்றியது. மனித முயற்சி எதனாலும் அணையவில்லை. நாளொன்றுக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் கன மீற்றருக்கு மேற்பட்ட வாயு எரிந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எரிந்தது. இறுதியில் சாய்வாக ஒரு துளையிட்டு, எரியும் கிணற்றின் அருகே 1,500 மீற்றர் ஆழத்தில் 30 கிலோ தொன் கருவியை வைத்து, 1966 செப்டெம்பர் 30 ஆம் நாள் வெடித்தனர். அழுத்தப்பட்ட பாறை கிணற்றை நெரித்து மூடியது. 23 வினாடிகளில் தீ அணைந்தது. மூன்று ஆண்டுத் தீயை அரை நிமிடத்தில் அணைத்தவர்களை நாம் குறைத்துப் பேசலாகாது.

ஆனால் வெற்றியை மட்டும் பேசியோர் மற்றையவற்றைப் பேசவில்லை. 1971 செப்டெம்பரில் வொல்கா ஆற்றுக்குத் தொலைவில்லாத இவானோவோப் பிரதேசத்தில், நிலத்தின் அடுக்குகளை ஆராய்வதற்கென ஒரு சிறு வெடி வைத்தனர். எண்ணெயும் வாயுவும் எங்கே என்று அறிவதே நோக்கம். கதிரியக்கப் பொருள் அயலிலிருந்த துளை வழியே வெளியே பீறியது. 1972 இல் உக்ரேனின் கார்க்கிவ் பிரதேசத்தில், எரியும் இன்னொரு வாயுக் கிணற்றை அதே முறையில் மூட முயன்றனர், முயற்சி தோல்வியுற்றது. அஸ்திரகானில் 1980 க்கும் 1984 க்கும் இடையில் 15 வெடிகளால் உப்புப் படிவத்துள் குழிவுகள் ஆக்கி, வாயுவோடு வரும் திரவத்தைச் சேமிக்க எண்ணினர். உப்பு மெல்ல நெருங்கி வந்தது, குழிவுகள் சுருங்கின, பெரும்பாலானவற்றுள் உவர்நீர் புகுந்தது. இவையெல்லாம் பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. பைன்டேலில் ஊரவர் அறிக்கையைக் கேட்டு வாங்கினர். இவானோவோவில் ஊரவருக்கு அறிக்கை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இரு நாடுகளின் விஞ்ஞானத்திலும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு கேட்கும் உரிமையில் இருந்தது.

நமக்கு அண்மையில் நடந்ததையும் பார்ப்போம். 1974 ஆம் ஆண்டு மே 18 ஆம் நாள் காலை, இராஜஸ்தானத்தின் பொக்ரான் பாலைவனத்தில், நூறு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் இந்தியா ஓர் அணுக் கருவியை வெடித்தது. ஹோமி சேத்னா அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர். ராஜா ராமண்ணா பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். சென்னையிற் பிறந்த ஆர். சிதம்பரமும் அக்குழுவில் இருந்தார். இது அமைதியான அணு வெடிப்பு, சுரங்கத்துக்கும் மண் அகழ்வதற்கும் உதவும் ஆராய்ச்சி என்று டில்லி அரசாங்கம் அறிவித்தது. அந்நாளில் நம்மவருள்ளும் பலர் பெருமிதம் கொண்டனர். ஆசியாவின் அறிவு ஐரோப்பாவின் அறிவுக்குக் குறைந்ததன்று என்ற பெருமிதம் அது. அதை நாம் எள்ளவில்லை. ஆனால் வெடியிற் பயன்படுத்திய புளூட்டோனியம், அமைதிப் பயனுக்கென்று கனடா கொடுத்த உலையிலிருந்து வந்தது. கனடா தன் அணு ஒத்துழைப்பை நிறுத்திற்று. அவ்வெடியின் பின்னர் இந்திய மண்ணில் எந்தச் சுரங்கமும் அணுவால் அகழப்படவில்லை. எந்த வாயுக் கிணறும் திறக்கப்படவில்லை. 1997 இல், அன்று நடந்தது குண்டுச் சோதனையே என்று ராமண்ணாவே வெளிப்படையாகக் கூறினார். 23 ஆண்டுகள் ஒரு சொல் ஒரு பொருளை மூடி வைத்திருந்தது.

அன்பர்களே, குண்டுக்கும் கொழுவுக்கும் வடிவ வேறுபாடு உண்டு. வாளை அடித்துக் கொழுவாக்கினால் அதனால் ஒருவரையும் வெட்ட இயலாது. அணுக் கருவிக்கு அவ்வேறுபாடு இல்லை. வாயுவுக்கென வெடிப்பதும் போருக்கென வெடிப்பதும் ஒரே கருவியே. இதனாலேயே 1996 ஆம் ஆண்டின் முழுமையான சோதனைத் தடை உடன்படிக்கை, அமைதி வெடி என்ற பெயரில் வருவதையும் சேர்த்துத் தடுத்தது. இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. இலங்கை 1996 இலேயே கையொப்பமிட்டு, 2023 ஜூலையில் அதை உறுதிப்படுத்திற்று. உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இன்றியமையாத நாடுகள் சில இன்னும் ஒப்பவில்லை.

இவ்வளவு தொலைவு சுற்றி வந்தது ஏன்? நம் வளவுக்குள்ளும் இக்கேள்வி வந்துவிட்டது என்பதாலே. வாயுவுக்கு அணு வெடி இனி வாராது. ஆனால் வாயு தேடுவோர் வந்தனர், இனியும் வருவர். 1970களில் மன்னார் பேசாலையில் சோவியத் உதவியோடு துளையிட்டுப் பார்த்தனர், பயன் கிட்டவில்லை. 2011 இல் மன்னார்க் கடற்படுக்கையில், ஆழ்கடலுக்கு அடியில், கெயான் லங்கா என்னும் கம்பனி இரண்டு கிணறுகளில் வாயு இருக்கக் கண்டது. 2015 இல் அது வெளியேறிற்று. வாயு அங்கேதான் இருக்கிறது. நாட்டின் சட்டப்படி பெற்றோலியம் அரசின் உடைமை. அக்கடலில் வலை வீசுபவனுக்கும் கரையில் கிணறு இறைப்பவனுக்கும் அவ்வுடைமையில் எந்த இடம் உண்டு என்பது சட்டத்தில் தெளிவாக இல்லை.

பாக்குநீரிணைக்கு அப்பால் நம் உறவினர் இதே கேள்வியோடு போராடினர். காவிரிப் படுகையில் நிலக்கரிப் படுகை மீதேனை எடுக்க 2010 இல் ஒரு கம்பனிக்கு அனுமதி கிடைத்தது. மன்னார்குடி வட்டாரக் கமக்காரர் எதிர்த்தனர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் முதிர்ந்த வயதிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். அப்பணியின் இடையிலேயே 2013 டிசம்பரில் காலமானார். 2017 இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஊரே திரண்டு அமர்ந்தது. 2020 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. அப்போராட்டத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொரு விஞ்ஞானக் கூற்றும் சரியானது என்று நாம் கூற மாட்டோம், மிகைப்படுத்தலும் இருந்தது. ஆனால் நீர் மட்டத்தை இறக்கினாலன்றி மீதேன் வாராது என்பது மிகையன்று. அதுவே அம்முறையின் அடிப்படை. படுகையில் நெல் விளைவிப்பவன் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலையோ அதனினும் நுண்மையானது. அங்கே ஆறில்லை. மாரியில் விழும் மழை சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் இறங்கி, கடல் நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பார்த்தவர்கள் இச்சபையிற் பலர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அந்த மெல்லிய படலத்தை நம்பி வளர்ந்தவை. அக்கல்லில் ஒரு மூலையில் இட்டது மறு மூலையில் தோன்றும். சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலிலிருந்து எண்ணெய் கலந்து, அயற் கிராமங்களின் கிணறுகள் கெட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிப்புற்றோருக்கென 20 மில்லியன் ரூபா செலுத்துமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது நன்று. ஆனால் மின் நிலையத்தை அமைக்கும் முன்னர், "இக்கல்லின் அடியில் நீர் எவ்வழி ஓடுகிறது?" என்று அவ்வூரவரிடம் எவர் கேட்டார்? துலா மிதித்த கிழவர் ஒருவர் சொல்லியிருப்பார்.

உத்தியோகத்தில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். புவியியல் அறிக்கையும் சூழல் மதிப்பீடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கொழும்பு அலுவலகங்களின் அலுமாரியில் உறங்குகின்றன. பொதுமக்கள் கருத்துக் கூறச் சட்டம் 30 நாள் தருகிறது. அந்த 30 நாளுக்குள் மன்னாரிலுள்ள ஒரு மீனவன் அதைப் பெற்று, விளங்கி, எழுதுவது எங்ஙனம்? பைன்டேல் மாடு வளர்ப்போருக்குப் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டார் இருந்தனர். ஆசிரியரும் வழக்கறிஞரும் அவர்களோடு அமர்ந்தனர். நீர்ப்பொறியியலும் புவியியலும் சட்டமும் பயின்றவர்கள் இம்மண்டபத்திலேயே இருபது பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள். அடுத்த அறிக்கை வெளியாகும்பொழுது, அதன் சுருக்கத்தையேனும் தமிழில் எழுதிக் கிராமத்துக்கு அனுப்பும் பொறுப்பை இருவராவது இன்று ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். பெயரைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லலாம்.

பேச்சை இத்துடன் நிறுத்த எண்ணியிருந்தோம். தலைவர் அவர்கள் ஒரு துண்டுச் சீட்டைத் தந்திருக்கிறார். முன்வரிசையிலுள்ள கமக்காரர் ஒருவர் எழுதியது: "ஐயா, அந்த வெடி வைத்த கிணறுகள் இப்பொழுது எப்படி இருக்கின்றன?"

நல்ல கேள்வி, நாமே சொல்லியிருக்க வேண்டியது. காஸ்பகியிலும் றூலிசனிலும் றியோ பிளாங்கோவிலும் கிணறுகளை அடைத்துவிட்டனர். மேலே ஓர் அடையாளப் பலகை உண்டு. இந்த ஆழத்துக்குக் கீழே அனுமதியின்றித் துளையிடலாகாது என்று அதில் எழுதியிருக்கிறது. அமெரிக்கச் சக்தித் திணைக்களம் இன்றும் அயலிலுள்ள நீரையும் வாயுவையும் எடுத்துச் சோதிக்கிறது. திரித்தியம் பன்னிரண்டே கால் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும். ஆகவே 1969 இல் இருந்ததில் இன்று நூற்றில் ஐந்து பங்கும் இல்லை. கண்ணாடிக் கல்லுக்குள் சிறைப்பட்டவை வேறு. சீசியமும் ஸ்ரோந்தியமும் பாதியாக ஏறக்குறைய முப்பது ஆண்டு வேண்டும், புளூட்டோனியத்துக்கு இருபத்து நான்காயிரம் ஆண்டு வேண்டும். மேலே புல் முளைத்திருக்கிறது. மாடுகள் மேய்கின்றன. ஆனால் அந்த நிலத்தில் ஆழ்கிணறு வெட்ட வேண்டுமாயின், சொந்தக்காரன் முதலில் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.